கிண்ணமா, தராசா? ரொட்டியும் கேக்கும் கற்பிப்போர் சிந்தனைக்கு

ரொட்டி, பிஸ்கோத்து, கேக் முதலிய மாவுப் பண்டங்களைத் தயாரிக்கும் முறையைக் கற்பிக்கும் பயிற்சிகள் இன்று நாட்டின் பல பகுதிகளில் நடைபெறுகின்றன. வேளாண் அறிவியல் நிலையங்கள், மனையியல் கல்லூரிகள், மகளிர் சுய உதவிக் குழுக்கள், தொழிற்கல்வி நடத்தும் பள்ளிகள் ஆகிய இடங்களில் இவற்றைக் காணலாம். 2023-ஆம் ஆண்டு சர்வதேச சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடப்பட்டதை ஒட்டி, கேழ்வரகு, சோளம், கம்பு ஆகியவற்றின் மாவைக் கலந்து செய்யும் பிஸ்கோத்துகளும் இப்பயிற்சிகளில் இடம்பெற்று வருகின்றன. வீட்டிலிருந்தபடியே சிறு வருவாய் தேட விரும்பும் பெண்களுக்கு இது ஏற்ற தொழில் என்பதில் ஐயமில்லை.

பயிற்சியின் முடிவில் ஒவ்வொருவருக்கும் ஒரு செய்முறைத் தாள் அளிக்கப்படுகிறது. "மைதா 2 கிண்ணம், சர்க்கரை 1 கிண்ணம், வெண்ணெய் அரைக் கிண்ணம்" என்ற முறையிலேயே பெரும்பாலான தாள்கள் அமைந்துள்ளன. பயிற்சிக் கூடத்தில் ஆசிரியை செய்து காட்டியபோது நன்றாக வந்த கேக், அதே தாளைப் பார்த்து வீட்டில் செய்யும்போது கல்லாக இறுகிவிடுகிறது. அல்லது நடுவில் குழி விழுந்துவிடுகிறது. செய்தவர் தம் கையைக் குறை கூறுவார். அடுப்பைக் குறை கூறுவார். சிலர் இத்தொழில் தமக்கு ஒத்துவராது என்று கைவிட்டும் விடுவார். உண்மையில் குறை பல சமயம் அந்தத் தாளிலேயே இருக்கிறது. மாவு போன்ற தூள்பொருளைக் கிண்ணத்தால் அளப்பது அளவே ஆகாது என்பதும், செய்முறைகளை எடையில் எழுதிக் கொடுப்பதே பயிற்றுவோரின் கடமை என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

தூளின் இயல்பு

நீரை ஒரு கிண்ணத்தில் ஊற்றினால் அது இடைவெளியின்றி நிரம்புகிறது. யார் ஊற்றினாலும், எவ்வளவு உயரத்திலிருந்து ஊற்றினாலும், கிண்ணத்திலுள்ள நீரின் எடை ஏறத்தாழ ஒன்றே. மாவின் நிலை அவ்வாறன்று. மாவு என்பது எண்ணற்ற நுண்துகள்களின் குவியல். அத்துகள்களுக்கிடையே காற்று தங்கியுள்ளது. சலித்த மாவில் காற்று மிகுதி. டப்பாவின் அடியில் பல நாள் அழுந்திக் கிடந்த மாவில் காற்று குறைவு. ஆகவே நாம் கிண்ணத்தால் அளப்பது மாவை மட்டுமன்று. மாவையும் காற்றையும் சேர்த்தே அளக்கிறோம். அவற்றுள் எது எவ்வளவு என்பதைக் கிண்ணம் கூறாது.

இதனால் விளையும் வேற்றுமை சிறிதன்று. 240 மில்லிலிட்டர் கொள்ளும் கிண்ணத்தில், சலித்த மைதாவைக் கரண்டியால் மெல்ல இட்டு, கத்தியின் முதுகால் தலைதட்டி எடுத்தால் சுமார் 120 கிராம் இருக்கும். அதே கிண்ணத்தை மாவு டப்பாவினுள் அழுத்தி முகந்து தலைதட்டினால் 150 கிராம் வரை ஏறிவிடும். கிண்ணம் ஒன்று, மாவு ஒன்று, செய்பவரும் ஒருவரே. ஆயினும் கால் பங்கு கூடிவிட்டது. தலைதட்டாமல் கோபுரமாக முகந்தாலோ வேற்றுமை இன்னும் மிகும்.

இது ரொட்டியில் என்ன செய்யும் என்று கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு செய்முறையில் 3 கிண்ணம் மைதாவுக்கு 240 கிராம் நீர் என்று எழுதியிருப்பதாகக் கொள்வோம். மெல்ல இட்டு அளப்பவர் 360 கிராம் மாவு எடுக்கிறார். அவருடைய பிசைந்த மாவில் 100 பங்கு மாவுக்கு ஏறத்தாழ 67 பங்கு நீர் இருக்கும். அது மிருதுவாக, கையில் சற்றே ஒட்டும் பதத்தில் இருக்கும், நன்றாகப் பொங்கும். அழுத்தி முகப்பவர் 450 கிராம் மாவு எடுக்கிறார். அவருக்கு 100 பங்குக்கு 53 பங்கு நீரே சேரும். அது இறுகிய பிசைவு, பொங்குவது கடினம், வெந்த ரொட்டி கனத்து, மறுநாளே உலர்ந்துவிடும். இருவரும் தாளில் உள்ளபடியே செய்தனர். ஒருவருக்குப் பாராட்டும் மற்றவருக்கு ஏமாற்றமும் கிடைத்ததற்கு அவர்தம் திறமை காரணமன்று.

சாம்பாரும் கேக்கும்

"நம் தாய்மார்கள் தராசு வைத்தா சமைத்தார்கள்? கைப்பிடியும் கண்ணளவும் போதவில்லையா?" என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானதே. ஆனால் சாம்பாருக்கும் கேக்குக்கும் ஒரு முக்கிய வேற்றுமை உண்டு. சாம்பார் கொதிக்கும்போது ருசி பார்க்கலாம். உப்புக் குறைந்தால் சேர்க்கலாம். நீர்த்திருந்தால் இன்னும் சற்றுக் கொதிக்க விடலாம். சமைப்பவரின் அனுபவம் இறுதிவரை பிழையைத் திருத்திக்கொண்டே வருகிறது. கேக் மாவைத் தட்டில் ஊற்றி ஓவனின் கதவை மூடிய பின்னர் எவராலும் எதையும் திருத்த இயலாது. திருத்தம் இயலாத இடத்தில் தொடக்கத்திலேயே அளவு சரியாக இருத்தல் வேண்டும்.

அன்றியும், கேக்கினுள் நிகழ்வது ஒரு ரசாயன வேலை. மாவிலுள்ள புரதம் நீரோடு சேர்ந்து வலைபோன்ற அமைப்பைத் தருகிறது. சர்க்கரையும் கொழுப்பும் அவ்வலையைத் தளர்த்துகின்றன. முட்டை அதை உறுதிப்படுத்துகிறது. சமையல் சோடா புளிப்புப் பொருளோடு சேர்ந்து வாயுவை வெளிவிட்டு மாவை உப்பச் செய்கிறது. சோடா மிகுந்து புளிப்புக் குறைந்தால், மிஞ்சிய சோடா வெப்பத்தால் சோடியம் கார்பனேட்டாக மாறிச் சவர்க்காரச் சுவையைத் தருகிறது. இப்பொருள்கள் ஒன்றோடொன்று இன்ன விகிதத்தில் நிற்க வேண்டும் என்பதே செய்முறையின் உயிர். அந்த விகிதம் எடைக்கு எடை நிற்கும் விகிதம்.

பவுண்டு கேக் என்ற பெயரே இதற்குச் சான்று. மாவு, வெண்ணெய், சர்க்கரை, முட்டை ஆகிய நான்கும் ஒவ்வொரு பவுண்டு எடை சேர்வதால் அப்பெயர் வந்தது. ஒன்றுக்கு ஒன்று என்ற இவ்விகிதத்தைக் குழந்தையும் மறவாது. இதையே கிண்ணத்தில் எழுதினால் மாவு மூன்றே முக்கால் கிண்ணம், சர்க்கரை இரண்டே கால் கிண்ணம், வெண்ணெய் 2 கிண்ணம், முட்டை 9 என்று ஆகிவிடும். எளிதான ஓர் உண்மை புரியாத பட்டியலாக மாறிவிடுகிறது. எடையில் கற்பிக்கும்போது மாணவர் செய்முறையை மட்டுமன்றி, அதன் காரணத்தையும் கற்கிறார்.

கிண்ணங்கள் பல

கிண்ணத்தைப் பற்றி ஒரு நல்ல சொல்லும் கூற வேண்டும். அமெரிக்காவில் பாஸ்டன் நகரச் சமையற்பள்ளியின் தலைமைப் பொறுப்பிலிருந்த ஃபானி ஃபார்மர் என்னும் அம்மையார் 1896-ஆம் ஆண்டு வெளியிட்ட சமையல் நூலில், தலைதட்டிய கிண்ணத்தையும் தலைதட்டிய கரண்டியையும் அளவாகக் கொள்ளுமாறு வற்புறுத்தினார். அதற்கு முன்னர் வீட்டுக்கு வீடு வேறுபடும் தேநீர்க் கோப்பையும், "முட்டையளவு வெண்ணெய்" என்பது போன்ற சொற்களுமே அளவுகளாக வழங்கின. அந்த நிலையோடு ஒப்பிட்டால் அவர் செய்தது பெரிய சீர்திருத்தமே. தராசு எல்லா வீட்டிலும் இல்லாத காலத்திற்கு அது ஏற்ற வழியாக இருந்தது.

ஆனால் கிண்ணம் உலகெங்கும் ஒரே அளவாக நிலைபெறவில்லை. அமெரிக்கக் கிண்ணம் சுமார் 237 மில்லிலிட்டர். ஆஸ்திரேலியக் கிண்ணம் 250. ஜப்பானியக் கிண்ணம் 200. மேசைக்கரண்டியும் அப்படியே. பல நாடுகளில் அது 15 மில்லிலிட்டர், ஆஸ்திரேலியாவில் 20. நம் கடைகளில் கிண்ணத் தொகுதிகள் 240 மில்லிலிட்டரிலும் கிடைக்கின்றன. 250 மில்லிலிட்டரிலும் கிடைக்கின்றன. தொகுதி வாங்காத வீடுகளில் டம்ளரும் காபிக் கோப்பையுமே கிண்ணமாகின்றன. பல நாட்டு நூல்களிலிருந்து திரட்டப்பட்ட செய்முறை ஒன்று எந்தக் கிண்ணத்தைக் கருதி எழுதப்பட்டது என்பதை அறிய வழியில்லை.

நம் நாடு இத்தகைய குழப்பத்தை ஒருமுறை கண்டு, அதனின்று மீண்டும் வந்துள்ளது. சேர், மணங்கு, படி, நாழி என்ற பெயர்கள் ஊர்தோறும் வழங்கின. ஆனால் ஓரூர்ச் சேர் மற்றோர் ஊரின் சேராக இருந்ததில்லை. தலைதட்டி அளப்பதா, கோபுரமாக அளப்பதா என்பதும் வாங்குவோர்க்கும் விற்போர்க்கும் இடையே ஓயாத வழக்காக இருந்தது. 1956-ஆம் ஆண்டின் எடையளவுத் தரச் சட்டம் இதற்கு முடிவு கட்டியது. 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் எடைகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. 1962-க்குள் நாடெங்கும் கிலோகிராம் வழக்காயிற்று. புது தில்லியிலுள்ள தேசிய பௌதிக ஆய்வுக்கூடம் நாட்டின் எடைத்தரத்தைப் பேணி வருகிறது. 2019 மே 20 முதல் கிலோகிராமே ஓர் உலோகக் கட்டியைச் சாராமல், இயற்கையின் மாறிலி ஒன்றைக் கொண்டு வரையறுக்கப்படுகிறது. இவ்வளவு பாடுபட்டு உறுதிசெய்த ஓர் அளவு கையில் இருக்க, பயிற்சித் தாளில் மட்டும் பழைய படிக் கணக்கு ஏன் தொடர வேண்டும்? கிண்ணத்தின் கொள்ளளவை அளந்து முத்திரையிடலாம். அதில் மாவை நிரப்பும் கைக்கு முத்திரையிட இயலாது.

நம் சமையலறைப் பொருள்கள்

நம் நாட்டுப் பொருள்களில் இச்சங்கடம் இன்னும் மிகுதி. நான்கடாய் செய்முறைகள் பலவும் பொடித்த சர்க்கரையைக் கேட்கின்றன. ஒரு கிண்ணம் சர்க்கரையை எடுத்துப் பொடிப்பதா, பொடித்த சர்க்கரையில் ஒரு கிண்ணம் எடுப்பதா? முன்னது சுமார் 200 கிராம். பின்னது சுமார் 120 கிராம். தாள் இதைத் தெளிவுபடுத்துவது அரிது. 100 கிராம் என்று எழுதியிருந்தால் இந்த ஐயமே எழாது. பொடித்தாலும் பொடிக்காவிட்டாலும் 100 கிராம் 100 கிராமே.

வெல்லத்தைக் கிண்ணத்தால் எவ்வாறு அளப்பது? கட்டியாக இட்டால் பாதி வெற்றிடம். துருவி இட்டால் ஓர் அளவு. துருவி அழுத்தினால் மற்றோர் அளவு. முந்திரியை முழுதாக இட்டாலும் உடைத்து இட்டாலும் இதே கதைதான். உறைந்த நெய்யைக் கிண்ணத்தில் திணித்தால் இடையே காற்றறைகள் நிற்கும். கல்லுப்பு ஒரு தேக்கரண்டியும் தூளுப்பு ஒரு தேக்கரண்டியும் ஒரே எடையல்ல. தூளுப்பு சுமார் 6 கிராம் நிற்கும்; பரலான உப்பு அதனினும் குறையும். முட்டைகளும் ஓட்டுடன் 45 முதல் 60 கிராம் வரை வேறுபடுகின்றன. "3 முட்டை" என்பதைவிட "உடைத்த முட்டை 150 கிராம்" என்பதே திட்டமான சொல்.

சிறுதானிய மாவுகளில் கவனம் இருமடங்கு தேவை. கோதுமையில் உள்ளது போன்ற, பிசைந்தால் இழுபடும் புரத அமைப்பு கேழ்வரகிலும் சோளத்திலும் கம்பிலும் இல்லை. ஆகவே மைதாவில் எவ்வளவு பங்கை இவற்றால் மாற்றலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையைத் தாண்டினால் பண்டம் உதிர்ந்துவிடும். ஒவ்வொரு மாவும் அரைத்த நயத்திற்கேற்பக் கிண்ணத்தில் வெவ்வேறு எடை நிற்கும். "ஒரு கிண்ணம் மைதாவுக்குப் பதிலாக ஒரு கிண்ணம் கேழ்வரகு மாவு" என்று எழுதும்போது எவ்வளவுக்குப் பதில் எவ்வளவு சென்றது என்பதை எழுதியவரே அறியார். பரிசோதனை செய்து நல்ல விகிதத்தைக் கண்டவர் அதை எடையில் குறிக்காவிடின், அவர் கண்டது மற்றவருக்குப் பயன்படாமற் போகும்.

தராசு செய்ய இயலாதவை

தராசின் புகழை மிகைப்படுத்துவதும் தவறு. அதன் எல்லைகளையும் கற்பிக்க வேண்டும்.

முதலாவது, மிகச் சிறிய அளவுகள். வீட்டுக்கென விற்கப்படும் மின்னணுத் தராசுகள் பொதுவாக 1 கிராம் படியில் காட்டுகின்றன. 500 கிராம் மாவில் 1 கிராம் பிழை பொருட்டன்று. 3 கிராம் ஈஸ்டில் 1 கிராம் பிழை மூன்றில் ஒரு பங்கு. ஈஸ்ட், சோடா, ஏலக்காய்த் தூள் போன்றவற்றிற்குத் தலைதட்டிய தேக்கரண்டியே இத்தராசினும் நம்பத்தக்கது. நீர், பால் போன்ற திரவங்களுக்கும் கோடிட்ட அளவுக் குவளை போதும்.

இரண்டாவது, மாவின் குணம். எடை சரியாக இருப்பினும் எல்லா மாவும் ஒரே அளவு நீரை ஏற்பதில்லை. சக்கியில் அரைத்த ஆட்டாவில் மாச்சத்துத் துகள்கள் மிகுதியாகச் சிதைவுறுவதால் அது உருளை ஆலை மைதாவைவிட அதிக நீரை இழுக்கும். மழைக்காலத்தில் ஈரம் ஏறிய மாவு சற்றுக் குறைவாக இழுக்கும். ஆகையால் நீரில் சிறிதளவைப் பிடித்து வைத்துக்கொண்டு, பிசைவின் பதம் பார்த்துச் சேர்க்கும் பழக்கம் என்றும் தேவை. தராசு கைப்பழக்கத்தின் இடத்தைப் பிடிக்க வரவில்லை. கைப்பழக்கம் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை அது காட்டுகிறது.

மூன்றாவது, செலவு. சிறிய மின்னணுத் தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இதுவும் ஏழைக் குடும்பத்திற்குச் சுமையே என்று கூறலாம். ஆனால் குழுவுக்கு ஒரு தராசு போதுமானது. ஓவன் வாங்கும் குழுவுக்கு அது பெருஞ்செலவாகாது. மின்கலம் தீர்ந்துவிடும் ஊர்களில் பழைய இரு தட்டுத் தராசே நல்ல துணை. எடைக்கல் இல்லாவிடினும், ஒரு தட்டில் வெண்ணெயை வைத்து மறு தட்டில் அதற்குச் சமமாகச் சர்க்கரையையும், பின்னர் மாவையும் நிறுத்துப் பவுண்டு கேக்கைப் பிழையின்றிச் செய்துவிடலாம்.

கிண்ணத்தை முற்றிலும் விலக்க வேண்டுமென்பதும் என் கருத்தன்று. எடை அறிந்த கிண்ணம் நல்ல கருவி. உணவு ஆய்வுகளில், வீட்டார் முந்திய நாள் உண்டதைக் கேட்டுக் குறிக்கும் களப்பணியாளர் தரப்படுத்திய கிண்ணங்களைக் கொண்டு செல்வது நெடுங்கால வழக்கம். அங்கே கிண்ணத்திற்கு மதிப்பு வருவது, அதில் கொள்ளும் உணவின் எடை முன்னரே நிறுத்து அறியப்பட்டிருப்பதால்தான். எடையறியாத கிண்ணமும் எடையறிந்த கிண்ணமும் பார்வைக்கு ஒன்றாயினும் பயனில் வேறு.

தொழிலும் சட்டமும்

வீட்டுக்காகச் செய்யும் கேக் கெட்டால் ஒரு மாலைப்பொழுது வீணாகும். விற்பதற்காகச் செய்யும் குழுவுக்கோ அது பிழைப்பைப் பற்றிய விஷயம். ஒரு குழு, ஒரு தடவைக்குப் பத்துக் கிண்ணம் மைதா என்று கணக்கிட்டு விலை வைத்திருக்கிறது என்போம். கிண்ணத்துக்கு 120 கிராம் என்று கொண்டால் 50 கிலோ மூட்டை 41 தடவைக்கு வர வேண்டும். அழுத்தி முகக்கும் கையில் கிண்ணத்துக்கு 150 கிராம் சென்றால் 33 தடவையிலேயே மூட்டை தீர்ந்துவிடும். எட்டுத் தடவைக்குரிய மாவு எங்கே போயிற்று என்று எவருக்கும் தெரியாது. குழுவினரிடையே வீண் சந்தேகமும் எழலாம். கணக்கு எழுதும் பெண் எவ்வளவு நேர்மையானவராயினும், கிண்ணம் அவருக்கு உதவாது.

பொதியிலிட்டு விற்கும்போது சட்டமும் குறுக்கிடுகிறது. 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டமும், அதன்கீழ் 2011-இல் வந்த பொதியிட்ட பண்டங்கள் பற்றிய விதிகளும், பிஸ்கோத்துப் பொதியின்மேல் நிகர எடையைக் குறிக்க வேண்டுமென்கின்றன. வாணிகத்தில் பயன்படும் தராசு அதிகாரிகளால் சரிபார்க்கப்பட்டு முத்திரை பெற்றிருத்தலும் அவசியம். சமையலறைத் தராசு பண்டம் செய்வதற்கு. முத்திரையிட்ட தராசு பொதியை நிறுப்பதற்கு. இவ்விரண்டின் வேற்றுமையைப் பயிற்சியிலேயே கூறிவிட்டால், பின்னர் அபராதம் செலுத்தும் நிலை வராது. ஊட்டச்சத்துக் குறிப்பும் இவ்வாறே. உணவின் சத்துகளைக் கூறும் அட்டவணைகள் 100 கிராமுக்கு இவ்வளவு என்றே அமைந்துள்ளன. கிண்ணத்தில் எழுதிய செய்முறையிலிருந்து அந்தக் கணக்கைத் தொடங்கவே முடியாது.

பள்ளி ஆசிரியர்களுக்கு இது புதிய செய்தியன்று. மதிய உணவுத் திட்டத்தில் தொடக்க வகுப்புக் குழந்தைக்குத் தானியம் 100 கிராம், உயர் தொடக்க வகுப்புக் குழந்தைக்கு 150 கிராம் என்று எடையிலேயே அளவு விதிக்கப்பட்டுள்ளது. ஒரு குழந்தைக்கு ஒரு டம்ளர் என்று விதித்திருந்தால், டம்ளரின் அளவுக்கேற்பக் குழந்தையின் வயிறு நிறைவதும் குறைவதும் நிகழ்ந்திருக்கும். உண்போர்க்கு உரியதைத் தவறாது அளிப்பதற்கு எடை துணை நிற்கிறது.

வகுப்பறையில் ஒரு சோதனை

இவ்வுண்மையைச் சொல்லிப் புரியவைப்பதைவிடச் செய்து காட்டுவது நன்று. பத்து மாணவரை அழைத்து, ஒரே கிண்ணத்தில் ஒருவர் பின் ஒருவராக மைதாவை அளக்கச் சொல்லுங்கள். எப்படி அளப்பது என்று கூற வேண்டாம். ஒவ்வொரு முறையும் எடையைக் கரும்பலகையில் எழுதுங்கள். பின்னர் அதே பத்து மாணவரும் அதே கிண்ணத்தில் நீரை அளக்கட்டும். இரு வரிசைகளின் சராசரியையும், மிகப் பெரிய எண்ணுக்கும் மிகச் சிறிய எண்ணுக்கும் உள்ள வேற்றுமையையும் கணக்கிடச் செய்யுங்கள். நீர் வரிசை நெருங்கி நிற்கும். மாவு வரிசை சிதறி நிற்கும். கொள்ளளவு, நிறை, அடர்த்தி என்ற மூன்று சொற்களும் அன்று மாணவர் மனத்தில் பதிந்துவிடும். பிறகு மாவுக் கிண்ணத்தை மேசைமேல் பலமுறை தட்டச் சொல்லுங்கள். மாவு தாழ்ந்து இறங்குவதைக் கண்டதும், எடை மாறாமலே கொள்ளளவு மாறுவதை அவர்களே சொல்லுவர்.

தராசையும் சோதிக்கலாம். பௌதிக ஆய்வகத்திலுள்ள எடைப்பெட்டியின் கற்களை அதன்மேல் வைத்துப் பாருங்கள். எடைப்பெட்டி இல்லையேல், அளவு உருளையில் 100 மில்லிலிட்டர் நீர் எடுத்து ஊற்றினால் தராசு 100 கிராமுக்கு மிக அருகில் காட்ட வேண்டும். கருவியை நம்புவதற்கு முன் சோதிப்பது விஞ்ஞானத்தின் முதற்பாடம்.

செய்யத்தக்கவை

பயிற்றுவோர் உடனே மேற்கொள்ளக்கூடிய சில யோசனைகளைக் கீழே தருகிறேன்.

1. செய்முறைத் தாள்களில் திடப்பொருள்கள் அனைத்தையும் கிராமில் எழுதுக. 5 கிராமுக்கு உட்பட்டவற்றைத் தலைதட்டிய தேக்கரண்டியில் எழுதலாம். கிண்ண அளவைத் தர வேண்டுமாயின், எடைக்குப் பின்னர், கிண்ணத்தின் மில்லிலிட்டரையும் நிரப்பும் முறையையும் சேர்த்தே தருக.

2. ரொட்டிக்கு, பேக்கரிக்காரர் கையாளும் விகிதமுறையைக் கற்பிக்க. மாவை 100 என்று கொண்டு மற்றவற்றை அதன் பங்காகக் கூறுவதே அம்முறை. சான்றாக, மாவு 100, நீர் 62, ஈஸ்ட் 1, உப்பு 2 என்று அறிந்தவர், 500 கிராம் மாவுக்கு நீர் 310, ஈஸ்ட் 5, உப்பு 10 கிராம் என்று மனக்கணக்கிலேயே கூறிவிடுவார். எவ்வளவு பெரிய ஆர்டர் வந்தாலும் அவர் தடுமாறார்.

3. பாத்திரத்தைத் தராசில் வைத்து எண்ணைச் சுழியாக்கும் முறையைக் காட்டுக. எண்ணெய்க் கடையில் பாத்திரத்திற்குத் தடை கட்டி நிறுத்ததை அறிந்த முதியோருக்கு இது உடனே விளங்கும். ஒரே பாத்திரத்தில் மாவு, சர்க்கரை, நெய் என ஒவ்வொன்றாக நிறுத்துச் சேர்த்தால், அளப்பதும் விரைவு. கழுவ வேண்டிய ஏனங்களும் குறைவு.

4. தராசு இல்லாத சிற்றூர்களுக்குச் செல்லும் களப்பணியாளர் தம்முடன் ஒரு தராசை எடுத்துச் செல்க. அங்குள்ள பெண்கள் தத்தம் வீட்டு டம்ளரைக் கொண்டு வரட்டும். சலித்த மாவை மெல்ல இட்டுத் தலைதட்டி, ஐந்து முறை நிறுத்துச் சராசரி கண்டு, "மைதா இவ்வளவு, சர்க்கரை இவ்வளவு" என்று எழுதிக் கொடுத்துவிட்டால், அந்த டம்ளர் அவ்வீட்டின் அளவாகிவிடும். எப்படி நிரப்பினார்களோ அப்படியே என்றும் நிரப்ப வேண்டும் என்பதை மட்டும் வற்புறுத்த வேண்டும்.

5. புதிய கலவைகளைச் சோதிக்கும்போது, வெற்றி பெற்றவற்றின் எடையைப் போலவே தோல்வியுற்றவற்றின் எடையையும் ஏட்டில் குறித்து வைக்க. அடுத்து வருபவர் அதே வழியில் சென்று மாவையும் நெய்யையும் வீணாக்காமல் இருக்க அது உதவும்.

பயிற்சி என்பது ஆசிரியை அருகில் இல்லாதபோதும் மாணவி தானே செய்யத் தக்கதாக இருத்தல் வேண்டும். கூடத்தில் காட்டும் கைத்திறன் ஆசிரியையோடு திரும்பிச் சென்றுவிடும். ஊரில் தங்குவது ஒரு தாள் மட்டுமே. கடன் பெற்று ஓவன் வாங்கிய பெண் நம்பி நிற்பதும் அத்தாளைத்தான். அதில் உள்ள எண்கள் பிசகாமல் இருக்கச் செய்வது நம் பொறுப்பு. அடுத்த பயிற்சிக்குத் தாள் அச்சிடுமுன், அதிலுள்ள ஒவ்வொரு கிண்ணத்தையும் ஒருமுறை தராசில் நிறுத்து, கிராமாக மாற்றி எழுதுங்கள். ஒரு பிற்பகலில் முடியக்கூடிய வேலை அது.